பாலம் பார்த்துப் போட்ட அட்டவணை

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிகூட ஆகவில்லை. மட்டக்களப்பு நகரத்து மைதானம் ஒன்றில் முதல் மட்ச் முடிந்துவிட்டது. தோற்றது மண்டூர்ப் பக்கத்துப் பொடியன்மார். பையைக் கட்டிக்கொண்டு மைதானத்து மதிலோரம் நின்றார்கள். பக்கத்தில் ஒரு உரப்பை நிறையச் சோற்றுப் பார்சல். விடியற்காலை நான்கு மணிக்கு யாரோ ஒரு தாய் எழும்பிச் சமைத்துக் கட்டிக் கொடுத்திருக்க வேண்டும். பகல் சாப்பாட்டுக்கு என்று கொண்டு வந்ததை எப்போது, எங்கே இருந்து சாப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் அப்படியே தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனார்கள்.

நான் அப்போது விளையாட்டு உத்தியோகத்தராக வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். கடினப்பந்து ஆடும் 16 கழகங்கள் சேர்ந்து அமைத்த போட்டிக் குழுவுக்கு என்னைச் செயலாளராகப் போட்டிருந்தார்கள். செயலாளர் என்றால் பெரிய பதவி இல்லை. ஆடுகளத்தில் மெட்டிங் பாய் விரிக்க ஆணி இருக்கிறதா, ஸ்கோர் கொப்பியில் பக்கம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிற ஆள்.

அந்தப் பார்சல் பை என்னை விடவில்லை. இரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். தோற்றால் அதோடு வெளியே என்கிற விலகல் முறையில் 16 அணிக்கு மொத்தம் 15 மட்ச். எட்டு அணி ஒரே ஒரு மட்ச்சோடு வீட்டுக்குப் போகும். இன்னும் நான்கு அணி இரண்டாவது மட்ச்சோடு சரி. ஆகப் பன்னிரண்டு கழகத்துக்கு ஒரு வருடத்தின் கிரிக்கெட் ஒன்றோ இரண்டோ ஞாயிறு. நடுவரிசையில் ஆடுகிற பொடியனுக்குத் துடுப்பு தொடக் கிடைக்குமா என்பதே நிச்சயமில்லை. ஆனாலும் எல்லாருக்கும் விலகல் முறைதான் பிடித்திருந்தது. ஒரே மாதத்தில் முடியும், கடைசி நாளில் மேடை போடலாம், விருந்தினருக்கு மாலை போடலாம். வெபர் அடிகளாரின் பெயர் தாங்கிய மைதானத்தில் பைனல் என்றால் ஊரே வரும். அமெரிக்காவிலிருந்து வந்த அந்த இயேசு சபைக் குருவானவரை இங்கே விளையாட்டுக்காக இன்றும் நினைவுகூர்வார்கள். கிரிக்கெட் கழகங்களுக்கும் அந்த மைதானத்தில் ஒரு பைனல் ஆடிவிட வேண்டும் என்பது பெரிய ஆசை.

சரி, லீக் முறைக்கு மாறலாம் என்று பார்த்தால் கணக்கு மறுபக்கம் உதைத்தது. 16 அணியும் ஒன்றோடு ஒன்று ஒரு தடவை மோதினால் 120 மட்ச். ஒரு மைதானத்தில் ஞாயிறுக்கு இரண்டு என்று வைத்தால் 60 ஞாயிறு. வருடத்தில் இருப்பதே 52.

பெரிய நகரங்களில் என்ன செய்கிறார்கள் என்று தேடி வாசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். மும்பையில் 1948 இல் தொடங்கிய காங்கா லீக்கில் ஏ தொடக்கம் ஜி வரை ஏழு பிரிவு. நன்றாக ஆடினால் மேல் பிரிவுக்கு ஏறலாம், கடைசியில் வந்தால் கீழே இறங்க வேண்டும். அதை மழைக்காலத்திலேயே ஆடுகிறார்கள் என்பதை வாசித்தபோது சிரிப்பு வந்தது. எங்கள் மழைக்காலத்தில் கார்த்திகை மார்கழியில் பாதி மைதானங்களில் ஸ்டம்ப் நட முடியாது, தோணி விடலாம். சிட்னியில் 1893-94 பருவத்திலேயே வட்டாரத்துக்கு ஒரு கழகம், அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்தான் அதற்கு ஆடலாம் என்று ஒழுங்கு கொண்டுவந்திருந்தார்கள்.

இரண்டையும் கலந்து ஒரு திட்டம் எழுதினேன். கடந்த மூன்று வருட முடிவுகளைப் பார்த்து மேல் பிரிவில் எட்டு, கீழ்ப் பிரிவில் எட்டு. ஒவ்வொன்றிலும் 28 மட்ச், மொத்தம் 56. இரண்டு மைதானம், ஞாயிறுக்கு நான்கு மட்ச், 14 ஞாயிறில் எல்லாம் முடியும். மழை ஓய்ந்த கையோடு பெப்ரவரியில் தொடக்கம். தாளில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

முதல் ஞாயிறு இரண்டு வோக் ஓவர், அதாவது எதிரணி வராமலே வெற்றி. இரண்டாவது ஞாயிறு மூன்று. வராத கழகங்கள் எல்லாமே வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கழகங்கள். எனக்குக் கோபம் வந்தது. இவர்களுக்காகத்தானே இவ்வளவும் செய்தோம் என்று குழுக் கூட்டத்தில் கொஞ்சம் சத்தமாகவே கதைத்துவிட்டேன். அபராதம் போடலாம் என்று ஒருவர் சொல்ல, நானும் தலையாட்டினேன்.

மறுநாள் காலை ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு வந்தார். மண்டூர்ப் பக்கத்துக் கழகத்தின் தலைவர். சாரத்தில் இன்னும் உமித்தூசு ஒட்டியிருந்தது. கதிரையைக் காட்டினேன். உட்கார்ந்து, என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்த மாவட்ட வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“தம்பி, இப்ப வெள்ளாமை வெட்டு. பொடியன்மார் வயலுக்க நிக்கானுகள். மிசின் எப்ப வரும் எண்டு எவனுக்கும் தெரியா. வந்தா அண்டைக்கே வெட்டோணும். இவனுகள் எப்பிடி மட்ச்சுக்கு வாற?”

எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மழை முடிகிற மாதம் என்று நான் வட்டம் போட்ட பெப்ரவரி, அவர்களுக்குப் பெரும்போக அறுவடை மாதம். நான் பிறந்து வளர்ந்தது கல்லடியில். கடலும் வாவியும் தெரியும், வயல் தெரியாது.

அவர் அதோடு விடவில்லை. அடுத்த வருடம் ஊர் வாரியாகப் பிரிக்கலாம், படுவான்கரைக் கழகங்களை எல்லாம் ஒரே குழுவில் போட்டுவிடுவோம், நகரத்துக்கு அலைய வேண்டியதில்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அவர் வரைபடத்தில் விரலை வைத்தார்.

“நீங்க படத்தில கோடு கீறியிருக்கீங்க. நாங்க தண்ணியில வாறம். எங்களுக்குக் குருமண்வெளிப் பாதையில ஏறினாச் சரி, களுவாஞ்சிகுடி. வவுணதீவுக்குப் போறதெண்டா அரை நாள்.”

பாதை என்றால் எங்கள் பக்கத்தில் தெரு மட்டும் இல்லை. வாவியைக் கடக்க ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவைக்கும் அதுதான் பெயர். வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் உத்தியோகத்தர்கள் இந்தச் சொல்லில் ஒரு தடவையாவது தடுமாறுவார்கள். நான் உள்ளூர்க்காரன், தடுமாறவில்லை. அட்டவணை போடும்போது மறந்துபோனேன், அவ்வளவுதான்.

படுவான்கரை என்று ஒரே பெயரில் அழைத்தாலும், வாவிக்கு மேற்கே உள்ள ஊர்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இல்லை. ஒவ்வொன்றும் தன் பாலம் எங்கே போய் இறங்குகிறதோ அந்தக் கிழக்குப் பக்கத்து எழுவான்கரை ஊரோடுதான் புழங்குகிறது. வவுணதீவுக்காரருக்கு வலையிறவுப் பாலம் தாண்டினால் நகரம். கொக்கட்டிச்சோலைக்கு 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு ஆரையம்பதி, காத்தான்குடி கூப்பிடு தூரம். மண்டூர், வெல்லாவெளிப் பக்கத்துக்குப் பட்டிருப்புப் பாலமும் குருமண்வெளிப் பாதையும். சந்தைக்குப் போவது, ஆஸ்பத்திரிக்குப் போவது, பெண் எடுப்பது எல்லாம் அந்த வழியில். கிரிக்கெட் மட்டும் வேறு வழியில் போக வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன்.

அந்த வருடத்துப் போட்டியைப் பாதியில் நிறுத்தினோம். அபராதம் யாருக்கும் போடவில்லை. அடுத்த வருடத்துக்கு நான்கு குழு, குழுவுக்கு நான்கு கழகம், பாலம் பார்த்துப் பிரித்தோம். ஏறாவூர், செங்கலடி தொடக்கம் வாழைச்சேனை வரை ஒன்று. மற்ற மூன்றும் மேலே சொன்ன மாதிரி. ஒரு ஞாயிறில் ஒரு குழு முழுவதும் ஒரே மைதானத்துக்கு வரும். காலையில் இரண்டு அணி ஆட மற்ற இரண்டும் நடுவர் தரும், ஸ்கோர் எழுதும். பிறகு மாறிக்கொள்ளும். மூன்று ஞாயிறில் குழுவுக்குள் எல்லாரும் எல்லாரோடும் ஆடிவிடலாம். அப்புறம் ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு மேல் எட்டுக்கு, மற்ற இரண்டு கீழ் எட்டுக்கு. அங்கேயும் நான்கு நான்காகப் பிரிந்து இன்னும் மூன்று மட்ச். எவ்வளவு மோசமாக ஆடினாலும் ஒரு கழகத்துக்கு ஆறு மட்ச் உறுதி. எங்களிடம் இருந்த நல்ல மெட்டிங் இரண்டுதான் என்பதால் ஒரு ஞாயிறில் இரண்டு குழுவுக்கு மேல் ஆட முடியாது. ஆறு சுற்றுக்குப் பன்னிரண்டு ஞாயிறு.

நாள் குறிக்கும்போது இம்முறை வானத்தை மட்டும் பார்க்கவில்லை. சித்திரை வருடப்பிறப்பு முடிந்து தொடக்கம். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் சடங்கு நடக்கிற ஊர்களுக்கு விடுமுறை. ஆடி அமாவாசை மாமாங்கத் தீர்த்தத்துக்கு முன் பைனல். நோன்பு வருடத்துக்கு வருடம் பதினொரு நாள் அளவில் முன்னால் நகரும் என்பதால் காத்தான்குடி, ஏறாவூர்க் கழகங்களின் செயலாளர்களைக் கேட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் தேதி எழுதினோம். மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றை மட்டும் யாரிடமும் கேட்க முடியவில்லை. ஒருநாள் மத்தியானம் அது மெட்டிங்கின் ஒரு முனையை ஆணியோடு பிடுங்கி, ஓடி வந்துகொண்டிருந்த பந்துவீச்சாளரின் முழங்காலில் போட்டது.

ஆடாத அணி நடுவராக நிற்பதில் காசு மிச்சம். ஆனால் எல்பிடபிள்யூ என்ற ஒன்று கிரிக்கெட்டில் இருப்பதையே அந்த வருடம் எல்லாரும் மறந்துபோனார்கள். கை தூக்கினால் பிற்பகல் இவன் நமக்கு நடுவராக நிற்பானே என்ற பயம். அதற்கு இன்றுவரை என்னிடம் மருந்து இல்லை.

குடியிருப்பு விதியும் சிட்னியிலிருந்து எடுத்து வந்த மாதிரி வேலை செய்யவில்லை. ஒரே வேகப்பந்து வீச்சாளர் மூன்று கழகத்துக்கு மூன்று பெயரில் ஆடுவதை நிறுத்தத்தான் அதைக் கொண்டுவந்தோம். ஆனால் எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டு ஊருக்குப் போய்விடுவான், வீடு பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். அப்படியானால் அவனுக்கு எது ஊர்? பிறந்த ஊர்க் கழகம் விட மாட்டேன் என்கிறது, மாமனார் ஊர்க் கழகம் சீருடை தைத்துவிட்டது. இரண்டு கழகமும் என் முன்னால் உட்கார்ந்து வாதாடியபோது மாப்பிள்ளை வாசலில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பருவத்துக்கு ஒரு தடவை அவனே தெரிந்தெடுக்கட்டும் என்று எழுதினோம். அவன் மாமனார் ஊரைத் தெரிந்தெடுத்தான். வேறு வழி?

லீக் என்றால் நிகர ஓட்ட விகிதம் வந்துவிடும்: ஓவருக்கு நாம் எடுத்த ஓட்டத்திலிருந்து ஓவருக்கு எதிரணி எடுத்த ஓட்டத்தைக் கழிப்பது, புள்ளி சமமானால் அதை வைத்துத்தான் முந்தியவர் யார் என்று பார்ப்பது. ஒரு கழகத்தின் பொருளாளர் திங்கட்கிழமை காலையில் கல்குலேட்டரோடு வந்தார். அவர்கள் 11.2 ஓவரில் 64 ஓட்டத்துக்கு எல்லா விக்கெட்டும் போய், எதிரணி 9.4 ஓவரில் 65 எடுத்து வென்றிருந்தது. “சேர், நானே அடிச்சுப் பாத்தன், மைனஸ் 1.20 தான் வருது. நீங்க 3.52 எண்டு போட்டிருக்கீங்க.” 64 ஐ 11.2 ஆலும், 65 ஐ 9.4 ஆலும் பிரித்திருந்தார். 9.4 என்றால் ஒன்பது ஓவரும் நான்கு பந்தும், அதாவது 9.67 என்று முதலில் காட்டினேன். அதற்கு ஒத்துக்கொண்டார். எல்லா விக்கெட்டும் போனால் ஆடாத ஓவரையும் சேர்த்து முழு 20 ஆலும் பிரிக்க வேண்டும் என்றதும்தான் முகம் மாறியது. 64 ஐ 20 ஆல் பிரித்தால் 3.20. எதிரணிக்கு 6.72. “ஆடாத ஓவருக்குமா?” என்று கேட்டார். ஓம் என்றேன். தேநீர் குடிக்காமலே எழும்பிப் போனார். அடுத்த மட்ச்சில் அவர்களுடைய கடைசி விக்கெட் சோடி 20 ஓவரும் முடியும்வரை கட்டையைப் போட்டுக்கொண்டு நின்றது. பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் விதி அதைத்தான் சொல்கிறது.

பெரிய தலையிடி கீழ் எட்டில்தான் வந்தது. நகரத்தின் பழைய கழகம் ஒன்று குழுவில் மூன்றாவதாக வந்து கீழே போனது. முதலில் போன், பிறகு நேரில், பிறகு எனக்கு மேலே உள்ளவர்கள் வழியாகப் போன். எங்களை மேல் பிரிவில் ஒன்பதாவதாகச் சேர்த்துக்கொண்டால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் நான் அந்தக் கடிதத்தைப் பாதி எழுதிவிட்டேன். மேல் பிரிவை ஐந்தும் நான்குமாகப் பிரித்து அட்டவணை போடப் போனபோதுதான் சிக்கியது. ஐந்து அணிக் குழுவில் ஆறு மட்ச் பத்தாகிறது, ஒவ்வொரு ஞாயிறும் ஒரு அணி சும்மா இருக்கும், மெட்டிங் போதாது, பைனல் மாமாங்கத் தீர்த்தத்தைத் தாண்டிப் போய்விடும். மேலே உள்ளவருக்கு அந்தத் தாளைத்தான் காட்டினேன், நியாயம் எதுவும் பேசவில்லை. அவர் ஞாயிறுகளை எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். பழைய கழகம் கீழ்ப் பிரிவில் ஆடியது, ஆறு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

நான்கு பருவம் நடத்திவிட்டு இடமாற்றம் கிடைத்து அம்பாறைப் பக்கம் வந்துவிட்டேன். கொப்பிகள், மெட்டிங் சாவி, வரைபடம் எல்லாவற்றையும் புதியவரிடம் ஒப்படைத்தேன். இரண்டு வாரம் கழித்துப் போன் பண்ணினார். நிகர ஓட்ட விகிதம் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“அண்ணன், குருமண்வெளிப் பாதை பின்னேரம் கடைசியா எத்தனை மணிக்கு?”

களுவாஞ்சிகுடியில் இரண்டாவது மட்ச் மண்டூருக்கு விழுந்திருக்கிறதாம். மட்ச்சை மாற்றிக் காலையில் போடச் சொன்னேன்.