வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) செம்பு என் காலை வாரிய கதை

எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி பிராக்டிகல் தேர்வு. "குடலில் உறிஞ்சின செம்பை ஈரலுக்கு யார் கொண்டுபோவார்?" என்றார் வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர். "செருலோபிளாஸ்மின், சார்." ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் இருக்கும் செம்பில் பெரும்பங்கு அந்தப் புரதத்தில்தானே என்ற தைரியம். "சரி, அங்கே போய் எப்படி இறக்கி வைக்கும்?" எனக்கு வாய் அடைத்துவிட்டது.

அன்று ராத்திரி குலசேகரம் பஸ்ஸில் திரும்பும்போதுதான் தப்பு எங்கே என்று பிடிபட்டது. எந்தப் புரதத்தில் எவ்வளவு செம்பு என்று மட்டும் படித்திருந்தேன். ஏறி இறங்குகிற செம்பு எது, இறங்காத செம்பு எது என்று பிரித்துப் பார்க்கவே இல்லை. நீங்கள் அங்கிருந்தே தொடங்குங்கள்.

ஏறி இறங்குவது ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தில். அதன் சங்கிலித் தொடக்கத்தில் அஸ்பார்ட்டேட், அலனின், ஹிஸ்டிடின் என்று மூன்று அமினோ அமிலங்கள்; அங்கே நான்கு நைட்ரஜன்கள் சேர்ந்து செம்பைப் பிடிக்கும். குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக ஈரலுக்கு வருகிற செம்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. கொஞ்சம் ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலின் என்ற இன்னொரு புரதத்திலும், தனி ஹிஸ்டிடினிலும். நாயின் ஆல்புமினில் மூன்றாம் இடத்தில் ஹிஸ்டிடின் இல்லை, டைரோசின். அதனால் அங்கே பிடி தளர்வு. மூன்றாம் இடம் ஏன் முக்கியம் என்று கேட்டால் நாயைச் சொல்லுங்கள்.

செருலோபிளாஸ்மின் வேறு சாதி. வடசேரி கோயில் நகையில் கெம்புக் கல் பதிப்பதுபோல, ஈரல் செல்லுக்குள் அந்தப் புரதம் உருவாகும்போதே ஏடிபி7பி என்ற பம்பு வழியாக 6 செம்பு அணுக்கள் உள்ளே போய் உட்காரும். மூன்று தனித்தனியாக, மூன்று ஒரே கொத்தாக. தனியாக இருப்பவைதான் அதன் நீல நிறத்துக்குக் காரணம். ரத்தத்துக்கு வந்தபின் அவை லேசில் கழலாது. அதன் முக்கிய வேலை இரும்பை ஃபெர்ரஸிலிருந்து ஃபெர்ரிக்காக மாற்றுவது. செம்பை ஏற்றி இறக்கும் பஸ் என்று சொல்லிவிடாதீர்கள், நான் சொன்னதுபோல.

இது பிடிபட்டால், உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோய் தானே விளங்கும். ஏடிபி7பி கெட்டால் கல் பதியாது. கல் இல்லாத நகை ரத்தத்தில் வேகமாகச் சிதையும், செருலோபிளாஸ்மின் அளவு குறையும். செம்போ ஈரலில் தேங்கி, அப்புறம் மூளைக்கும் கண்ணுக்கும் போகும். சீரத்தின் மொத்தச் செம்பு குறைவு என்று ரிப்போர்ட் வந்தாலும் உடம்பில் செம்பு அதிகம்! இதைக் கணக்காகவே போடலாம். 1 மில்லிகிராம் செருலோபிளாஸ்மினில் சுமார் 3 மைக்ரோகிராம் செம்பு. டெசிலிட்டருக்கு மொத்தச் செம்பு 100 மைக்ரோகிராம், செருலோபிளாஸ்மின் 30 மில்லிகிராம் என்றால், அதில் சேராத மிச்சச் செம்பு 10 மைக்ரோகிராம். மொத்தம் 60, செருலோபிளாஸ்மின் 10 என்றால் மிச்சம் 30. நோயைக் காட்டுவது அந்த மிச்சம்தான். எழுத்துத் தேர்வில் இதே கணக்கு வந்தது, நிதானமாகப் போட்டேன்.

ஒரு குழப்பத்தையும் தவிர்த்துவிடுங்கள். ரத்ததான முகாமில் நீலக் கரைசலில் ஒரு சொட்டு ரத்தம் விடுவார்களே, அதுவும் செம்புதான், எங்கள் ஊரில் ரப்பருக்குச் சுண்ணாம்போடு கலந்து அடிக்கும் அதே துரிசு (காப்பர் சல்ஃபேட்). சொட்டைச் சுற்றிச் செம்பும் புரதமும் சேர்ந்து ஒரு தோல் கட்டும், அதனால் சொட்டு கரையாமல் மூழ்கும் அல்லது மிதக்கும். ஹீமோகுளோபின் போதுமா என்று பார்க்கிற சோதனை அது; மூழ்கினால் போதும், மிதந்தால் போதாது. செருலோபிளாஸ்மின் கேள்விக்கு இதை எழுதிய ஒரு கூட்டுக்காரன் எனக்கு உண்டு.