பழைய எம்எக்ஸ்-5க்குப் புது புஷ்

1 மார்ச் 2025, சனி

எம்.ஓ.டி. (பிரிட்டனில் வருடாவருடம் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனை) சோதனையில் வண்டி தேறிவிட்டது. ஆனால் முன்பக்கக் கீழ் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கிறது என்று தாளில் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் இரும்புக் கை. அது ஏறி இறங்கும் மூட்டில் இருப்பது புஷ்: ஓர் உள்குழாய், ஒரு வெளிக்குழாய், நடுவில் ரப்பர். எதிர்பார்த்ததுதான். பிரேக் மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது, பள்ளத்தில் இறங்கினால் 'டொக்' என்கிறது, டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்கிறது. 1991 மஸ்டா எம்எக்ஸ்-5, கம்பெனியில் போட்ட ரப்பர். இத்தனை வருடம் தாங்கியதே பெரிது.

முன்னால் டபுள் விஷ்போன், அதாவது இரட்டை ஆர்ம் அமைப்பு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம். ஆர்முக்கு இரண்டு புஷ். மொத்தம் எட்டு. எட்டையும் மாற்றிவிடுவதுதான் சரி.

2 மார்ச்

ரப்பரா, பாலியூரித்தேன் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கா? பாலி நீடித்து உழைக்கும், ஸ்டியரிங் கூர்மையாகும். ஆனால் அது உள்குழாய்மேல் வழுக்கித் திரும்புவது. கிரீஸ் வற்றினால் கீச்சிடும். ரப்பர் அப்படியில்லை. உள்குழாய், வெளிக்குழாய் இரண்டோடும் ஒட்டியிருக்கும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பரே முறுக்கிக்கொடுக்கும். இது ரேஸ் டிராக்குக்குப் போகிற வண்டி இல்லை. ரப்பரே ஆர்டர் செய்தேன், கூடவே புது கேம் போல்ட்டுகளும் (திருப்பினால் ஆர்மைச் சற்று நகர்த்தும் போல்ட்).

8 மார்ச், சனி

கீழ் ஆர்மைப் பிடித்திருக்கும் கேம் போல்ட்டைத் திருப்பித்தான் கேம்பர் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்), கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சு முன்பின் சாயும் கோணம்) வைப்பார்கள். கழற்றும் முன் ஒவ்வொன்றும் நின்ற இடத்தைப் பெயின்ட்டால் குறித்தேன்.

நட் சுலபமாக வந்தது. போல்ட் அசையவில்லை. இங்கிலாந்தில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அந்தத் துரு போல்ட்டைப் புஷ்ஷின் உள்குழாயோடு ஒன்றாக்கியிருந்தது. ஸ்பானர் போட்டால் போல்ட்டோடு ரப்பரும் சேர்ந்து முறுக்குகிறது, விட்டால் திரும்பி வருகிறது. துரு எண்ணெய் அவ்வளவு ஆழம் இறங்காது. அப்புறம் ரம்பம்தான். புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் பிளேடை விட்டு, பிராக்கெட்டில் கீறல் படாமல் இரண்டு பக்கமும் அறுத்தேன். இருட்டும்போதுதான் கடைசி ஆர்ம் கையில் வந்தது.

9 மார்ச்

பெரிய வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவி) ஒரு பக்கம் புஷ்ஷைத் தள்ளச் சின்ன சாக்கெட், மறுபக்கம் வெளியே வருவதை வாங்கிக்கொள்ளப் பெரிய சாக்கெட். பழைய ரப்பர் விரிசல் விட்டு, ஒரு புஷ்ஷில் உள்குழாயை விட்டே பிரிந்திருந்தது. டொக் சத்தம் அங்கிருந்துதான். வெளிக்குழாய் வராத இடத்தில் ஹேக்ஸாவால் குழாயை மட்டும் கீறி, சுருட்டி எடுத்தேன். புதியவை நேராக இறங்கின. ஆர்ம்களுக்குத் துரு சுரண்டிப் பெயின்ட்.

15 மார்ச், சனி

ஆர்ம்களை மாட்டியாயிற்று. போல்ட்டுகளுக்குத் துரு பிடிக்காத கிரீஸ். ஆனால் ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போது நட்டை இறுக்கவே கூடாது. இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் நின்றபடியே முறுக்கிக் கிடக்கும், சீக்கிரம் கிழியும். புது புஷ் கொஞ்ச நாளில் போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். கையால் நட்டைப் பூட்டி, வண்டியைச் சாய்தளத்தில் ஏற்றி, முன்பக்கத்தை நன்றாக அமுக்கி விட்டு, சக்கரத்தின் மேல் எடை நிற்கும்போது டார்க் ரெஞ்ச்சால் (அளவு பார்த்து இறுக்கும் ஸ்பானர்) இறுக்கினேன்.

22 மார்ச், சனி

கடையில் நாலு சக்கர அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) முடிந்தது. பெயின்ட் குறி கடைக்கு ஓட்டிப்போக மட்டுமே உதவியது. புது புஷ்ஷுக்குக் கேம் கொஞ்சம் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பும் வழியில் வேண்டுமென்றே அழுத்தி பிரேக் பிடித்துப் பார்த்தேன். நேராக நின்றது. அடுத்த வாரம் நட்டுகளை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பின்பக்கப் புஷ்ஷுக்கும் சேர்த்து கேம் போல்ட் விலை விசாரித்திருக்கிறேன்.