வீரர்களே இல்லாத அணிக்கு சீசன் டிக்கெட்

1994இல் ரொறன்ரோ ராப்டர்ஸ் என்ற புதுக் கூடைப்பந்து அணிக்குப் பெயர் இருந்தது, டைனோசர் சின்னம் இருந்தது. ஒரு வீரர்கூட இல்லை. அந்த அணிக்குத்தான் நாங்கள் ஐந்து பேர் காசு சேர்த்து சீசன் டிக்கெட் வாங்கினோம்.

உரிமத்தை 1993 செப்டம்பரிலேயே கொடுத்துவிட்டாலும், 1994 முடிவதற்குள் 12,500 சீசன் டிக்கெட்டுகள் விற்றாக வேண்டும் என்று வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ நிபந்தனை வைத்திருந்தது. உரிமக் கட்டணம் 12.5 கோடி அமெரிக்க டொலர். அவ்வளவு பணம் புரட்டியவர்கள் எங்கள் முன்பணத்துக்காகக் காத்திருந்தது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

ரொறன்ரோவின் ஸ்கார்பரோ பகுதியில் தெரிந்தவர்கள் எல்லோரும் கிரிக்கெட் பேசினார்கள். நாங்களோ மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிக்காரர்கள். 1990இல் காணாமற்போன அமெரிக்க யேசு சபைத் துறவி ஹீபர்ட் அடிகளாரிடம் கூடைப்பந்து பழகியவர்கள்.

கணக்கு மூத்த அண்ணரின் பெயரில். இரண்டு இருக்கைகள், தவணையில் பணம். அதுவரை சிக்கலில்லை. 41 உள்ளூர் ஆட்டங்களைப் பங்கிடும்போதுதான் குரல்கள் உயர்ந்தன. 1995 மார்ச்சில் மைக்கேல் ஜோர்டன் சிக்காகோ அணியில் மீண்டும் ஆடத் திரும்பியிருந்தார். எல்லோருக்கும் சிக்காகோவுடனான ஆட்டம்தான் வேண்டும். கடைசியில் சீட்டுக் குலுக்கி வரிசை போட்டோம். ஒரு சுற்றில் முதலில் எடுத்தவர் அடுத்த சுற்றில் கடைசி.

அந்தக் கோடையில் அணியும் ஏறக்குறைய இப்படித்தான் திரண்டது. பழைய 27 அணிகளும் தலா எட்டு வீரர்களை வைத்துக்கொள்ள, மிச்சமிருந்தவர்களில் ராப்டர்ஸும் இன்னொரு புது அணியான வான்கூவர் கிரிஸ்லீஸும் மாறி மாறி எடுத்தன. ராப்டர்ஸ் முதலில் எடுத்த பி.ஜே. ஆர்ம்ஸ்ட்ராங் வர மறுத்துவிட்டார். அவரைக் கோல்டன் ஸ்டேட் அணிக்கு மாற்றினார்கள். எங்கள் பங்கீட்டில் மறுக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. பலவீனமான அணிகளோடு வாரநாள் ஆட்டங்கள் விழுந்தவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

ராப்டர்ஸ் அப்போது ஆடிய ஸ்கைடோம் ஒரு பேஸ்போல் மைதானம். எங்கள் மலிவு இருக்கையிலிருந்து வீரர்களைவிடப் பெரிய திரைதான் நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் புதுமுகம் டேமன் ஸ்டூடமயர் பந்தைத் தட்டிக்கொண்டு புகுந்தால் அந்தத் தூரத்திலும் அடையாளம் தெரியும். முதல் பருவத்தில் ராப்டர்ஸுக்கு 21 வெற்றி, 61 தோல்வி. அந்த 21இல் ஒன்று 1996 மார்ச் 24இல், அந்தப் பருவத்தில் பத்தே ஆட்டங்களில் தோற்ற சிக்காகோவுக்கு எதிராக, 109–108.

அன்றைய டிக்கெட் எனக்கு விழவில்லை. அடுத்த ஆண்டு புதுப்பித்தபோது சிக்காகோ ஆட்டங்களைச் சுற்றிலிருந்து விலக்கி, தனியாகக் குலுக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அண்ணர் ஒப்புக்கொண்டார்.