கோவையில் எழுதாத காரணம்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஒரு பீட அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் மண்டப ஒதுக்கீட்டுக் கோவை என் மேசையில்தான் இருந்தது. திகதி, பேச்சாளர் பெயர், ஒலிவாங்கி, எத்தனை கதிரை. அவ்வளவுதான் வேலை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பற்றிய ஆய்வுரைக்கு இளம் விரிவுரையாளர் ஒருவர் மண்டபம் கேட்டிருந்தார். அனுமதியும் கொடுத்தாயிற்று. முதல்நாள் பின்னேரம் தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, நாளைக்கு மண்டபம் குடுக்கேலாது. திருத்த வேலை எண்டு போடுங்கோ."

"என்ன திருத்த வேலை சேர்?"

"மேலையிருந்து சொல்லுகினம். கூடக் கேக்காதேங்கோ."

என் கையெழுத்தில், நீல மையில் எழுதினேன். அடுத்த நாள் முழுக்க மண்டபம் பூட்டியே கிடந்தது. ஒரு மேசன்கூட வரவில்லை. அந்த விரிவுரையாளர் கோவையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அந்த முகம் இன்னும் மனதில் நிற்கிறது.

எங்கள் அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரம் தருகிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இருக்கிறது. ஆனால் அவர் தகவல் கேட்டு விண்ணப்பித்திருந்தால் கிடைத்திருப்பது நான் எழுதிய பொய்தான். 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டப்படி துணைவேந்தரை நியமிப்பவர் ஜனாதிபதி. பல்கலைக்கழகத்தை ஆளும் பேரவையிலும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிப்பவர்களே பெரும்பான்மை. 'மேலையிருந்து' என்ற சொல்லுக்குப் பலம் அங்கிருந்து வருகிறது.

இங்கிலாந்தில் 1986இலேயே, ஒருவரின் கருத்துக்காகப் பல்கலைக்கழக இடத்தை மறுக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. 2023இல் அதை இன்னும் இறுக்கினார்கள். அங்கத்தைய சண்டைகள் வேறு. என்றாலும் மண்டபச் சாவியைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

"எழுதின சட்டம் ஆரைக் காப்பாத்தினது?" என்று கேட்டார் கூட வேலை செய்த அக்கா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ரஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுடப்பட்டதை அறிந்த தலைமுறை அவர். அந்தத் துப்பாக்கியை எந்தச் சட்டப் பிரிவும் தடுத்திராது. ஆனால் எனக்கு வந்தது வெறும் தொலைபேசி அழைப்பு. மறுப்பவர் காரணத்தை எழுதி, தன் பெயரில் ஒப்பமிட வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்திருந்தால், அந்த அழைப்பு வந்திராது என்றே நம்புகிறேன்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு அழைப்பின் நேரத்தையும் கோவை ஓரத்தில் பென்சிலால் குறித்தேன். மாற்றலாகிப் போகையில் அழிக்காமல்தான் ஒப்படைத்தேன்.