கேரவனுக்கு மின்சாரம் கொடுக்கும் முன்

வாடகைக்கு விடப்படும் கேரவன் வண்டிகளின் மின் அமைப்பைப் பராமரிப்பது என் தொழில். இலங்கை மலையகத்தில் நுவரெலியா, ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல என்று இந்த வண்டிகள் போய் நிற்கும் இடங்களுக்கெல்லாம் நானும் போய் வருகிறேன். பழுதாகித் திரும்பும் வண்டியைத் திறந்து பார்க்கையில், பற்றரி சார்ஜரோ குளிர்சாதனப் பெட்டியோ தன் வயதினால் கெட்டிருப்பது அரிது. வண்டி இரவு தங்கிய இடத்தில் கிடைத்த மின்சாரம்தான் பெரும்பாலும் அதைக் கெடுத்திருக்கும். அதனால் வண்டிக்குள் எத்தனை விலையுயர்ந்த கருவிகள் இருக்கின்றன என்பதைவிட, வெளியிலிருந்து வரும் வயரை எங்கே, எப்படிச் சொருகுகிறோம் என்பதே முதலில் கவனிக்க வேண்டியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அமெரிக்காவில் முகாம் மைதானங்களில் ஒவ்வொரு வண்டிக்கும் தனிக் கம்பம் நட்டு, 30 அல்லது 50 அம்பியர் இணைப்பு வைத்திருப்பார்கள். அங்கு 120 வோல்ட் மின்சாரம். 104 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலோ 132க்கு மேலே ஏறினாலோ இணைப்பைத் துண்டிக்கும் காப்புக் கருவிகள் அங்கே வண்டிக்காரர்களிடம் பரவலாக உண்டு. நம்மிடம் 230 வோல்ட். விதிப்படி அது 6 வீதம் கூடவோ குறையவோ இருக்கலாம், அதாவது 216 முதல் 244 வரை. ஆனால் மலையகத்தில் கேரவனுக்கென்று கட்டப்பட்ட இணைப்புக் கம்பம் கிடைப்பது அபூர்வம். தோட்டத்துப் பழைய பங்களாவின் சமையலறையிலிருந்தோ விடுதியின் வாகனக் கொட்டகையிலிருந்தோ ஒரு நீண்ட எக்ஸ்டென்ஷன் வயரைப் புல்மேல் இழுத்து வந்து தருவார்கள். 1950இல் பழைய லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்கிய நாளிலிருந்து நாட்டுக்கே நீர்மின்சாரம் கொடுத்துவரும் மலைகள் இவை. இருந்தும், பள்ளத்தாக்கு தாண்டி ஏறி வரும் லைனின் கடைசி முனையில் இருக்கும் பங்களாவுக்கு மாலை ஆறரை மணிக்கு 216 கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இங்கேதான் அளக்கும் முறை முக்கியமாகிறது. வெறும் சொக்கெட்டில் மல்டிமீற்றரை வைத்துப் பார்த்துவிட்டு 'வோல்ட்டேஜ் சரி' என்று சொல்வதில் பயனில்லை, ஏனென்றால் கருவி எதுவும் ஓடாமல், சுமை ஏதும் இழுக்காதபோது தளர்ந்த இணைப்பும் மெலிந்த வயரும்கூட நல்ல எண்ணையே காட்டும். நான் ஒரு 2000 வாட் கேத்தலை எப்போதும் கொண்டு போகிறேன். வண்டியின் வயரை வண்டியில் சேர்க்காமல், அதன் முனையில் கேத்தலை மாட்டித் தண்ணீர் கொதிக்கவிட்டு, அப்போது வோல்ட்டேஜைப் பார்க்கிறேன். சுமையில்லாமல் 226 காட்டிய இடம் கேத்தல் போட்டதும் 205க்கு இறங்கினால், வழியில் 21 வோல்ட் தொலைகிறது என்று பொருள். ஏறத்தாழ 160 வாட் வெப்பம் எங்கோ உண்டாகிக்கொண்டிருக்கிறது. அது நீண்ட வயர் முழுவதும் பரவினால் பெரிய ஆபத்தில்லை. 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் ஒரு மீற்றருக்கு, ஓர் அம்பியருக்கு, சுமார் 18 மில்லிவோல்ட் குறையும் என்பது கணக்கு. 100 மீற்றர் வயரில் 10 அம்பியர் ஓடினால் 18 வோல்ட் அப்படியே போய்விடும். வயரின் நீளத்தால் விளக்க முடியாத இறக்கம் கண்டால்தான் எனக்குக் கவலை. அந்த வெப்பம் முழுவதும் ஒரே திருகாணியின் அடியில், அல்லது பழைய 15 அம்பியர் உருண்டைக் கால் சொக்கெட்டில் தளர்வாக நிற்கும் அடாப்டரில் சேர்ந்துகொண்டிருக்கலாம். அரை ஓம் தடை போதும். 10 அம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 50 வாட் வெப்பம். அதனால் கேத்தல் கொதித்து முடிந்ததும் பிளக்கைக் கழற்றி அதன் கால்களை உடனே தொடாமல், முதலில் பிளக்கின் மேல்புறத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால் அந்தச் சொக்கெட் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

சுருளில் சுற்றியபடியே வயரைப் பயன்படுத்துவதும் இதைப்போன்ற ஆபத்துதான். குளிரில் ஹீற்றர் போட்டுத் தூங்குகிறவர்கள், தேவையான அளவு மட்டும் இழுத்துவிட்டு மீதியைச் சுருளிலேயே விட்டுவிடுகிறார்கள். சுருளுக்குள் சேரும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் மேலுறை உருகும். முழுவதையும் அவிழ்த்துப் புல்லில் கிடத்த வேண்டும்.

குறைந்த வோல்ட்டேஜை ஆபத்தாக யாரும் எண்ணுவதில்லை என்பதே என் தொழிலில் எனக்குள்ள பெரிய வருத்தம். ஹீற்றருக்கு அது தொல்லையில்லை. 200 வோல்ட்டில் 2000 வாட் ஹீற்றர் ஏறத்தாழ 1500 வாட் வெப்பம் தரும், அவ்வளவுதான். ஏசி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றின் கொம்பிரசர் மோட்டார் அப்படியல்ல. வோல்ட்டேஜ் குறையக் குறைய அது அதிக அம்பியர் இழுத்துச் சூடேறும். மிகவும் இறங்கினால் சுழலத் தொடங்கவே முடியாமல் முனகி நின்று, உள்ளே கம்பிச் சுருள் கருகும். ஏப்ரல் மாத வசந்த காலத்தில் நுவரெலியா விடுதிகள் நிரம்பி, சுடுதண்ணீர் ஹீற்றர்கள் மாலையில் ஒன்றாக ஓடும்போது இந்த இறக்கம் தெளிவாகத் தெரியும். தேயிலைத் தொழிற்சாலையோடு ஒரே லைனில் இருக்கும் இடங்களில் வேறொரு நேரக்கணக்கு உண்டு. கொழுந்து வாட்டும் விசிறிகள் இரவெல்லாம் ஓடியிருக்க, விடியுமுன் கொழுந்தை உருட்டும் ரோலர்கள் தொடங்கும்போது வெளிச்சம் ஒருமுறை சுருங்கி விரியும். அந்த நேரத்தில் எந்தப் பயணியும் விழித்திருந்து மீற்றரைப் பார்க்கமாட்டார். வண்டிக்குள் ஒரு கருவிதான் பார்க்க வேண்டும்.

ஆகவே எல்லா வண்டிகளின் நுழைவாயிலிலும் வோல்ட்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் துண்டிக்கும் ரிலே ஒன்றைப் பொருத்துகிறேன். கீழ் எல்லையை 200க்கும் மேல் எல்லையை 255க்கும் அருகில் வைக்கிறேன். மின்சாரம் திரும்பியதும் உடனே இணைக்காமல் மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் தாமதிக்கும்படி அமைப்பது கட்டாயம். கொம்பிரசருக்குள் வாயு அழுத்தம் சமனாவதற்கு அந்த நேரம் தேவை. 2022 மார்ச் இறுதியில் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, கரண்ட் வந்த கணத்தில் ஊரிலுள்ள எல்லா மோட்டார்களும் ஒன்றாக இழுத்த இழுப்பை அறிந்தவர்களுக்கு இந்தத் தாமதத்தின் அருமை புரியும்.

பலர் சர்ஜ் ப்ரொடெக்டர் ஒன்று வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாகிறார்கள். அது கண்ணிமைப்பதற்குள் வந்து போகும் உச்ச அழுத்தத்தை மட்டுமே தடுக்கும். குறைந்த வோல்ட்டேஜுக்கு அதனிடம் மருந்தில்லை. மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரல் அறுந்தால் அதுவே எரிந்துபோகலாம். மூன்று பேஸ் இணைப்புள்ள, அதாவது மின்சாரம் மூன்று கம்பிகளில் வரும் ஒரு பங்களாவில் யூக்கலிப்டஸ் கிளை விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்த இரவில், சில அறைகளில் பல்புகள் மங்கின. சிலவற்றில் கண்கூசும்படி எரிந்து வெடித்தன. நியூட்ரல் இல்லாதபோது இரண்டு பேஸ்களுக்கு இடையிலான 400 வோல்ட்டை, பல்வேறு அறைகளின் சுமைகள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. குறைந்த சுமை உள்ள பக்கத்தில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 300க்கு மேலும் ஏறலாம். பங்களாவின் குளிர்சாதனப் பெட்டி அன்று கருகியது. வாசலில் நின்ற எங்கள் வண்டியை ரிலே துண்டித்திருந்தது. காலையில் அதில் தேநீர் போட முடிந்தது.

கருவிகளைவிட மனிதர்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். கேரவனின் உடல் உலோகம், கால்கள் ரப்பர் சக்கரங்கள். உள்ளே எங்காவது கசிவு ஏற்பட்டு, கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகும் எர்த் இணைப்பு சரியில்லாமல் இருந்தால், ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவுக் கைப்பிடியைத் தொடும் குழந்தையின் உடல் வழியாகவே மின்சாரம் நிலத்துக்குப் போகும். நம் நாட்டில் ஒவ்வோர் இடத்திலும் நிலத்தில் அறைந்த கம்பியே பெரும்பாலும் எர்த். கல்லும் சரளையுமான மலைச்சரிவில் அதன் தடை 50 ஓம் என்றால், பழுதின்போது ஓடுவது 4.6 அம்பியர் மட்டுமே. 16 அம்பியர் பிரேக்கர் அதை உணரவே செய்யாது. 30 மில்லி அம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச்தான் அங்கே உயிர்க்காப்பு. வண்டிக்குள் இருக்கும் ட்ரிப் சுவிட்ச் வண்டிக்குள் உள்ளதைத்தான் காக்கும், வெளியே மழையில் கிடக்கும் வயரைக் காக்காது என்பதால், சொக்கெட் முனையிலும் கையோடு எடுத்துச் செல்லக்கூடிய ஒன்றை வைக்கிறேன். இரண்டின் சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பார்க்காமல் வண்டியை ஒப்படைப்பதில்லை. மூன்று விளக்குகள் காட்டும் சோதனைப் பிளக், மின்சாரம் வரும் லைவும் நியூட்ரலும் மாறியிருப்பதைச் சொல்லும். எர்த் எவ்வளவு நல்லது என்று சொல்லாது.

மீற்றரை வெளியே எடுத்ததும் பங்களாக் காவலர்களின் முகம் சில நேரம் மாறிவிடுகிறது. "இத்தன வருசமா இங்க ஃப்ரிட்ஜ் ஓடுதுங்க, ஒன்னும் ஆகல" என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னது உண்மை. அந்தப் பெட்டி சுவரோரமாய் ஒரே சொக்கெட்டில், சிறு சுமையில் ஓடுகிறது. "வண்டிக்குப் பொறுப்பு நான்தாண்ணே, போட்டுப் பாத்துட்டு உங்களுக்கும் சொல்றேன்" என்றேன். கேத்தல் கொதிக்கும்போது எண் இறங்குவதை அவரும் பார்த்தார். சூடான அடாப்டரைத் தொட்டுவிட்டு, முதலாளியிடம் சொல்லிப் புதிய 13 அம்பியர் சொக்கெட் போடச் சொல்வதாக அவரே சொன்னார். அளந்த எண்ணை வீட்டுக்காரர்களுக்கும் காட்டுவது இப்போது என் வழக்கமாகிவிட்டது. ஆபத்து வண்டியோடு போய்விடுவதில்லை, அவர்களுடைய சுவருக்குள்தான் தங்குகிறது.

ஜெனரேற்றர் இருக்கும் விடுதியில் அது ஓடத் தொடங்கிய பின்னும் ஒருமுறை அளக்க வேண்டும். அதன் நியூட்ரல் நிலத்தோடு இணைக்கப்படாமல் இருந்தால், கசிவு நேரும்போது ட்ரிப் சுவிட்ச் விழாமல் போகலாம். மார்ச் முதல் மே வரையும் பிறகு ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கினால், எந்தக் கருவியையும் நம்பாமல் வயரைச் சொக்கெட்டிலிருந்தே கழற்றிவிடும்படி பயணிகளிடம் சொல்கிறேன். பற்றரியில் விளக்கும் தண்ணீர்ப் பம்பும் இரவு முழுவதும் ஓடும்.