கடைசி வரியின் பைட்

ஜூன் 2
சி மொழியில் எழுதிய, கோப்பை நகலெடுக்கும் ஒரு நிரலைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மூலம், நகல்: கண்ணுக்கு இரண்டு கோப்பும் ஒன்றுதான். பைட் பைட்டாக ஒப்பிடும் சிஎம்பி கட்டளை ஒப்புக்கொள்ளவில்லை: மூலம் முன்னதாகவே முடிந்துவிட்டதாம். நகல் ஒரே ஒரு பைட் பெரிது. ஒரு பைட் என்றால் முதல் சந்தேகம் கடைசி வரிமேல்தான்.

ஜூன் 3
கோப்பிலிருந்து ஒரு வரி படிக்கும் எஃப்கெட்ஸ் வரிமுறிவை வெட்டாது. வரிமுறிவைக் குறிக்கும் 10 என்ற பைட்டைச் சரத்துக்குள்ளேயே வைத்துத் தரும். கோப்பில் எழுதும் எஃப்புட்ஸ், கொடுத்ததை அப்படியே எழுதும், தன் பங்குக்கு எதையும் சேர்க்காது. சாதாரண உரைக்கோப்புக்கு இந்த ஜோடியே போதும். ஆனால் நிரலில் நடப்பது வேறு: படித்ததும் 10-ஐ வெட்டுகிறார்கள், எழுதும்போது பிரிண்ட்எஃப் பாணியில் திரும்ப ஒட்டுகிறார்கள். வெட்டும் இடத்தில் அது இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. கடைசி வரி 10 இல்லாமல் முடிந்திருந்தாலும் நகலில் ஒன்று முளைத்துவிடும்.

திரைக்கு எழுதும் புட்ஸ் தானாக ஒரு 10 ஒட்டும். அதற்கு இணையாகப் படிக்கும் கெட்ஸ் வெட்டும், அதை சி மொழியின் 2011 தரத்திலேயே தூக்கிவிட்டார்கள், நல்லதாயிற்று. எஃப்ஸ்கேன்எஃப்பில் சொல் சொல்லாகப் படிக்கும் பர்சன்ட் எஸ் போட்டால் இடைவெளி, டேப், வரிமுறிவு மூன்றும் அதற்கு ஒன்றே. வெற்று வரிகள் சுவடே இல்லாமல் போகும்.

ஜூன் 4
எந்தக் கணினியில் நிரல் ஓடியது என்று கேட்டிருந்தேன். பதில் வரவில்லை.

ஜூன் 6
இன்னொரு கோப்பில் வேறு கோளாறு: இல்லாத இடத்தில் வெற்று வரி.

"அம்மா" என்ற ஒரு சொல் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 15 பைட். படித்ததை வைக்கும் இடையகம் 16 பைட் என்றால் எஃப்கெட்ஸ் 15 பைட்டும் முடிவுக்கான பூஜ்யமும் வைத்து நிரப்பிவிடும், 10-க்கு இடமில்லை. அடுத்த அழைப்பில் அந்த 10 தனியாக வந்து நிற்கும். வெட்டி ஒட்டும் நிரல் அதையும் ஒரு வரி என்று எண்ணி வெற்று வரி எழுதும். இடையகம் 8 என்றால் இன்னும் மோசம்: 7 பைட்டில் புள்ளியின் முதல் பைட் மட்டும் வந்து சேரும், அங்கே ஒரு வரிமுறிவைச் செருகினால் எழுத்தே உடையும். துண்டுகளைத் தொடாமல் எஃப்புட்ஸுக்குத் தள்ளினால் எந்தச் சேதமும் இல்லை, இடையகம் வெறும் 2 பைட்டே ஆனாலும்.

முழு வரி வந்ததா என்பதற்கு ஒரே அடையாளம் கடைசி பைட் 10-ஆ என்பதே. இல்லையென்றால் ஒன்று இடையகம் போதவில்லை, அல்லது கோப்பு முடிந்தது.

ஜூன் 7
சரத்தின் நீளம் தரும் ஸ்ட்ர்லென்னில் மைனஸ் 1 போட்டு அந்த இடத்தில் வெட்டுவது ஆபத்து. வரியின் முதல் பைட் பூஜ்யமாக இருந்தால் நீளம் 0, சுட்டெண் மைனஸ் 1, எழுதுவது அணிக்கு வெளியே. 10 இருக்கும் இடத்தைத் தேடித் தரும் ஸ்ட்ர்சிஸ்பன் பாதுகாப்பு. ஆனால் பூஜ்யம் கலந்த கோப்பில் எஃப்புட்ஸும் பாதியில் நின்றுவிடும். பாசிக்ஸ் (யூனிக்ஸ் வகைக் கணினிகளின் தரம்) இருக்கும் இடத்தில் வரி படிக்க கெட்லைன்: நீளத்தைத் திருப்பித் தருகிறது, அந்த நீளத்தை, எண்ணிக்கைப்படி எழுதும் எஃப்ரைட்டுக்குக் கொடுத்தால் ஆயிற்று.

கடைசி வரி, கடைசி வரி. வரிகளை எண்ணச் சொன்னால் டபிள்யூசி கட்டளை 10-களை மட்டுமே எண்ணும். மூன்று வரி உள்ள கோப்பை 2 என்று சொன்னால் காரணம் அதுவே.

ஜூன் 9
வந்தது. நிரல் ஓடியது விண்டோஸிலாம்! முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கூடவே வந்த இன்னொரு நகலில் எத்தனை வரியோ அத்தனை பைட் கூடுதல். பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ்டம்ப்பில் 13 13 10; விண்டோஸ் வரிமுடிவு என்றால் 13 10 தான் இருக்க வேண்டும். படிக்கும்போது பைனரி முறை (எதையும் மாற்றாது), எழுதும்போது டெக்ஸ்ட் முறை (வரிமுறிவை மாற்றும்): மூலத்தில் இருந்த 13 அப்படியே வந்தது, 10-க்கு முன்னால் நூலகம் இன்னொரு 13 சேர்த்தது. இரண்டு பக்கமும் டெக்ஸ்ட் என்றாலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது. வெறும் 10 உள்ள வரிகள் 13 10 ஆகும். நடுவில் 26 என்ற பைட் இருந்தால் அதையே கோப்பின் முடிவு என்று எடுத்துக்கொள்ளும்.

ஜூன் 10
தூக்கம் வரவில்லை. யூடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்தின் எந்தப் பைட்டும் 128-க்குக் குறையாது, ஆகவே 10 என்று தோன்றவே தோன்றாது. எழுத்துக்கு இரண்டு பைட் எடுக்கும் யூடிஎஃப்-16-இல் நமக்கு அதில் ஒன்று 11 என்று வரும், தப்பித்தோம். குஜராத்திக்கு ஒவ்வொரு எழுத்திலும் 10. டெக்ஸ்ட் முறையில் எழுதினால் எழுத்துக்கு ஒரு 13, பாவம்.

ஜூன் 11
ஒவ்வொரு பைட்டாகப் படிக்கும் கெட்சி தருவதை, ஒரே பைட் கொள்ளும் சார் மாறியில் வாங்கியிருக்கிறார்கள். கோப்பின் முடிவுக்கான குறியும் அதில் வருவதால், பெரிய எண் கொள்ளும் இன்ட் வேண்டும். சில கணினிகளில் 255 என்ற பைட்டே கோப்பின் முடிவாகத் தெரியும், சிலவற்றில் முடிவே வராது.

ஜூன் 12
திருத்திய நிரலை அனுப்பியாயிற்று. படிக்க ஆர்பி, எழுத டபிள்யூபி (இரண்டும் பைனரி முறை), 4096 பைட் இடையகம், எஃப்ரீட் திருப்பித் தரும் எண்ணிக்கை மட்டுமே எஃப்ரைட்டுக்கு, 4096 அல்ல. வரி என்ற எண்ணமே நிரலில் இல்லை. எஃப்குளோஸ் தரும் விடையையும் பார்க்கச் சொல்ல வேண்டும், வட்டு நிறைந்திருந்தால் கடைசித் துண்டு எழுதப்படாதது அங்கேதான் தெரியும்.