படிகாரம் என்னை ஏமாற்றின கதை

முந்தநாள் இரவு குசினியில் டோர்ச் வெளிச்சத்தில் ஒரு சோதனைக் குழாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னை நானே ஏசிக்கொண்டேன். உள்ளே கடும் நீலம், மைப்போத்தல் மாதிரி. நீலம் கடுத்தால் மண்ணில் பொஸ்பரஸ் கூட என்று அர்த்தம். இதே மண்ணுக்குத்தான் மூன்று கிழமைக்கு முன்னம் "பொஸ்பரஸ் காணாது" என்று முடிவெடுத்து ரி.எஸ்.பி (பொஸ்பரஸ் பசளை) போட்டேன்.

வளவு கிளிநொச்சி வட்டக்கச்சியில். கிணற்றடியில் ஆறு பாத்தி. மிளகாயில் குருத்திலை சிறுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடையெல்லாம் மஞ்சள். செடி எழும்பவே இல்லை. பசளைக் கடை அண்ணை ஃபோனில் படத்தைப் பார்த்துவிட்டு, "வேர் ஓடேல்லைப் போல, ரி.எஸ்.பி கொஞ்சம் போட்டுப் பாருங்கோ" என்றார். சும்மா போடுகிற ஆள் இல்லை நான். மண் சோதிக்கிற கிட் வைத்திருக்கிறேன், சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். அதுதான் இப்போது வயிறெரிகிறது.

மண் எடுக்கிறது, காய வைக்கிறது, அரிக்கிறது எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு தண்ணி. பிறகு, "தெளியும் வரை விடவும்" என்று கிட் தாளில் ஒரே ஒரு வரி. அந்த வரியை எழுதினவர் எங்கள் செங்கபில மண்ணைக் கண்டிருக்க மாட்டார். காய்ந்தால் மண்வெட்டி தெறிக்கும், கரைத்தால் அடையவே அடையாது. பின்னேரம் கரைத்து வைத்தது விடியப் பார்த்தாலும் பிளேன்ரீ நிறம். அதில் எங்கே நீலத்தைப் பார்க்கிறது? ரீ வடியில் வடித்தேன். பழைய வேட்டித் துண்டை நாலாக மடித்து வடித்தேன். கோப்பி வடிக்கிற தாளில் முதல் பத்துச் சொட்டு நல்லாக வந்தது, பிறகு களி அடைத்துக்கொண்டது.

அம்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தேத்தாங்கொட்டையை உரசி விடன். நாங்கள் குளத்துத் தண்ணியை அப்படித்தானே தெளிய வைச்சு குடிச்சனாங்கள்" என்றா. பழங்காலத்து வேலை என்று நான் காதில் விழுத்தவில்லை. கடையில் படிகாரம் வாங்கி, கடலை அளவு துண்டு ஒன்றைப் போட்டுக் கலக்கினேன். அரை மணித்தியாலம்! மேலே பளிங்கு மாதிரித் தண்ணி, கீழே களி. அந்தத் தெளிவைப் பார்த்த புளுகத்தில் வேறொன்றும் யோசிக்கவில்லை. கிட் தூளைப் போட்டுக் குலுக்கினால் நிறமே இல்லை. மூன்று பாத்தி, மூன்று தரம், அதே முடிவு.

ரி.எஸ்.பியைக் கணக்கெல்லாம் சரியாகப் பார்த்து, நிறுத்துப் போட்டேன். மஞ்சள் கூடினதுதான் மிச்சம்.

அக்காவின் மகன் அறிவியல் நகரில் விவசாய பீடத்தில் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தவனிடம் முழுக் கதையையும் சொன்னேன். "மாமா, தெளிய வைக்க என்ன போட்டனீங்கள்?" என்றான். சொன்னதும் சிரி சிரி என்று சிரித்தான். படிகாரத்தில் இருக்கிற அலுமினியம் பொஸ்பேற்றைப் பிடித்துக்கொண்டு அடியில் போய் இருந்துவிடுமாம். பாசி பிடித்த ஏரிகளில் பொஸ்பரஸை இழுக்க இதைத்தான் கொட்டுகிறார்களாம்.

நம்பவில்லை. இரண்டு ஜாம் போத்தலில் ஒரே கிணற்றுத் தண்ணி, இரண்டிலும் ஒரு சிட்டிகை ரி.எஸ்.பி, ஒன்றில் மட்டும் படிகாரம். கொஞ்ச நேரத்தில் அந்தப் போத்தலுக்குள் பஞ்சு மாதிரி வெள்ளையாகத் திரண்டு மெல்ல இறங்கியது. மேல்தண்ணியை எடுத்துச் சோதித்தால், படிகாரம் போடாதது கரு நீலம், போட்டதில் நீலம் இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கவேணும். பெடியன் ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

தெளிய வைக்க அவன் சொன்ன வழி கல்சியம் குளோரைட்டு, லீற்றருக்கு ஒன்றரைக் கிராம். கிணற்றுத் தண்ணியை விட்டுவிட்டுப் பற்றரித் தண்ணியில் (பற்றரிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணி) கரைத்தேன். (கராஜில் வாங்கும்போது அசிட்டைத் தந்துவிடாமல் போத்தலைப் பார்த்து வாங்குங்கள்.) களி அடைந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வைத்த வெறும் தண்ணியிலும் இளநீலம்! அரை நாள் மண்டை காய்ந்த பிறகுதான் பிடிபட்டது. நான் எடுத்தது பழைய கோலாப் போத்தல். கோலாவில் பொஸ்போரிக் அமிலம் இருக்கிறது. கழுவினது வேறு சலவைத் தூளால். புதுக் கண்ணாடிப் போத்தலைப் பற்றரித் தண்ணியாலேயே அலசி, திரும்ப முதலில் இருந்து. வெறும் தண்ணியில் நிறமில்லை. மண்ணில்தான் முந்தநாள் பார்த்த அந்தக் கடும் நீலம். ரி.எஸ்.பி படாத மூலைப் பாத்தியிலும் அதே நிறம் என்பதால், பழி முழுக்க மூன்று கிழமைப் பசளையில் இல்லை.

பழி கோழி எருவில். 2021 இல் அரசாங்கம் இரசாயனப் பசளையை நிறுத்தினபோது நாங்கள் எல்லோரும் கோழி எருவுக்கு ஓடினோமே, அன்று தொடங்கினது. தடை அந்த வருசமே போனது, நான் நிறுத்தவில்லை. ஒவ்வொரு போகமும் பாத்திக்கு இரண்டு கடகம். பயிர் பொஸ்பரஸைவிட நைதரசனைத்தான் பல மடங்கு எடுக்கும். கோழி எருவில் இரண்டுக்கும் அவ்வளவு வித்தியாசம் இல்லை. நைதரசன் மழையோடு போய்விடும், பொஸ்பரஸ் மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். கூடிப்போனால் பயிருக்கு நாகமும் (சிங்க்) இரும்பும் கிடைக்க விடாது. குருத்து மஞ்சள் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

மிளகாயில் இரண்டு செடிக்கு மட்டும் சிங்க் சல்பேற்று அடித்திருக்கிறேன். லீற்றருக்கு 5 கிராம், இலை கருகாமல் இருக்க 2.5 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு. இதுவரை கருகவில்லை, பச்சையும் வரவில்லை. கோழி எரு நிறுத்தியாச்சு. நைதரசனுக்கு வேலிச் சீமைக்கிளுவைக் குழை போதும். மாரிக்கு மூலைப் பாத்தியில் சோளன் போட்டு, அது எடுக்கிற பொஸ்பரஸைத் தண்டோடு வெட்டி வெளியேற்ற யோசனை. பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுக்கலாம், அவர்கள் அன்பாக எருவைத் திருப்பித் தராமல் இருந்தால். இதெல்லாம் ஒரு போகத்தில் இறங்குகிற விசயமில்லை.

கொட்டிலில் 2021 இல் வாங்கின எப்பாவலப் பாறைப் பொஸ்பேற்றும் (அதுவும் பொஸ்பரஸ் பசளைதான்) ஒரு பை கிடக்கிறது. அது எங்கள் மண்ணில் லேசில் கரையாது. புதுத் தென்னங்குழிக்குப் போகட்டும். மிச்ச ரி.எஸ்.பியைக் கடை அண்ணையிடம் திருப்பிக் கொடுக்க வெட்கமாக இருக்கிறது.

கிட் நிறத்தை வைத்து 'அதிகம்' என்று சொல்லலாமே தவிர எவ்வளவு என்று சொல்லேலாது. மருமகன் அளந்து பார்க்க ஒரு சொப்பிங் பையில் மண் கொண்டுபோயிருக்கிறான். அம்மா குசினி யன்னலில் நாலு தேத்தாங்கொட்டை எடுத்து வைத்திருக்கிறா, ஒன்றும் சொல்லவில்லை. முதலில் வெறும் பற்றரித் தண்ணியில் உரசி, கொட்டையில் இருந்தே நீலம் வருகிறதா என்று பார்க்கவேணும்.